உப்புக் காற்றுக்குத் தாங்கும் ஜாக்கெட்

தம்பி, தினமும் மண்டபத்திலிருந்து ராமேசுவரம் போய்வர, 5000 ரூபாய்க்குள் பைக் ஜாக்கெட் கேட்டிருந்தீர்கள். குளிருக்கான உள்துணி வைத்ததை விட்டுவிடுங்கள். நம் ஊர் வெயிலில் அந்தப் பணம் வீண். காற்றுப் புகும் வலைத்துணி, அதாவது மெஷ் போதும். ஆனால் தோளிலும் முழங்கையிலும் மட்டும் கெட்டித் துணி இருக்க வேண்டும், விழுந்தால் முதலில் தேய்வது அங்கேதான். உள்லேபிளில் இஎன் 17092 (EN 17092, பைக் உடைகளுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) இருக்கிறதா பாருங்கள். அதில் ஏ (A) வகுப்பை விட ஏஏ (AA) நல்லது. முதுகில் வெறும் ஸ்பாஞ்ச் இருந்தால் அடியை அதிகம் தாங்கும் லெவல் 2 பேட் தனியாக வாங்கிப் போடுங்கள்.

அளவு பிடித்தாற்போல் இருக்கட்டும். பாம்பன் பாலத்துப் பக்கக் காற்றில் தொளதொள ஜாக்கெட் படபடக்கும், முழங்கை பேடும் நகர்ந்துவிடும்.

அப்புறம் ஜிப். என் முதல் ஜாக்கெட்டின் உலோக ஜிப் உப்பில் பச்சை பூத்து, ஒரே வருடத்தில் இறுகிவிட்டது. பிளாஸ்டிக் பல் வைத்ததே எடுங்கள். அவ்வப்போது பேடைக் கழற்றிவிட்டு, ஜாக்கெட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.