பைன் காட்டில் டிஸ்க் கோல்ஃப்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வாரக் கடைசியில் திறந்த பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் (தட்டை எறிந்து, குறைந்த வீச்சுகளில் கூடைக்குள் விழவைக்கும் ஆட்டம்) ஆடிப் பழகியிருக்கிறேன். அடுத்த மாதம் நண்பர்களோடு ஜார்ஜியாவின் ஆப்பிளிங்கில் இருக்கும் டபிள்யூ. ஆர். ஜாக்சன் கோர்ஸுக்கு (ஆட்டக்களத்துக்கு) போகிறோம். அது முழுக்கக் காடு என்கிறார்கள். தூரமாக எறிவதற்கான என் வேகமான டிரைவர் டிஸ்க் அங்கே எடுபடுமா? (அட்லாண்டா வாசகர்)

எடுபடாது, அதைப் பையிலேயே வைத்திருங்கள். பூங்காவில் தூரமாக எறிகிறவர் ஜெயிக்கிறார், காட்டில் நேராக எறிகிறவர்தான் ஜெயிக்கிறார். டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள் இல்லையா, வேகம், மிதப்பு, திருப்பம், கடைசியில் சாய்வது என்று. அதில் முதல் எண் 12, 13 என்று இருந்தால், அந்த டிஸ்க்குக்கு வேண்டிய கைவேகம் புதிதாக ஆடுகிறவர்களுக்கு இருக்காது, வலது கைக்காரர் பேக்ஹேண்டில் (புறங்கை முன்னால் வரும்படி) எறிந்தால் பாதி தூரம்கூடப் போகாமல் இடது பக்கம் சாய்ந்து மரத்தில் மோதும். 3, 4, 5 என்று எண் போட்ட பட்டரும் (கூடைக்குக் கிட்டே எறிவது) மிட்ரேஞ்சும் (நடுத்தரத் தூரத்துக்கு எறிவது) மெதுவாகப் போகும், ஆனால் நேராகப் போகும். என்னைக் கேட்டால் அந்த இரண்டோடு மட்டுமே முதல் சுற்றை ஆடச் சொல்வேன்.

இன்னொன்று, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 2 மீட்டர் அகல இடைவெளி உங்களிடமிருந்து 10 மீட்டரில் இருந்தால் உங்கள் கைக்குக் கிட்டத்தட்ட 11 டிகிரி இடம் கிடைக்கிறது, அதே இடைவெளி 30 மீட்டரில் இருந்தால் 4 டிகிரிகூடக் கிடையாது. அதனால் தூரத்தில் தெரியும் இடைவெளியை நம்பி ஒரே வீச்சில் கூடையைத் தொடப் பார்க்காதீர்கள். பக்கத்து இடைவெளி வழியாக ஒரு நிதானமான வீச்சு, அடுத்த வீச்சுக்கு வழி திறந்திருக்கும் இடத்தில் டிஸ்க் விழவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. எறியும்போது மரத்தைப் பார்க்காதீர்கள், மரங்களுக்கு நடுவே இருக்கும் வெளிச்சத்தைப் பாருங்கள். தடம் தவறி உள்ளே போய்விட்டால் கூடையை மறந்துவிட்டு, பக்கவாட்டிலோ பின்பக்கமாகவோகூட முதலில் தடத்துக்கு வந்து சேருங்கள். டீ (முதல் வீச்சை எறியும் இடம்) ஒன்றுக்கு மேல் இருந்தால் கூடைக்குக் கிட்ட இருப்பதில் நின்று ஆடுங்கள், டிஸ்க் கோல்ஃபின் தலைமை அமைப்பான பி.டி.ஜி.ஏ.வின் சாம்பியன்ஸ் கப் போட்டி 2022-இல் நடந்த கோர்ஸ் அது, பெரிய ஆட்டக்காரர்களே திணறுகிற இடம்.

கேள்வி: இதற்காக இரண்டு மணி நேரம் காரோட்டிப் போக வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். (அதே வாசகர்)

தாராளமாகப் போகலாம். ஐ-20 நெடுஞ்சாலையில் கிழக்கே, அகஸ்டாவுக்குக் கொஞ்சம் முன்பே இருக்கிறது. ஏரிக்கரைப் பூங்காவுக்குள் உயரமான பைன் மரங்கள், சருகுகள் மேல் நடை, அது ஒரு பக்கம். பி.டி.ஜி.ஏ.வின் அலுவலகமும் அங்கேதான், 18 கூடைகள் கொண்ட மூன்று கோர்ஸ்களும் உண்டு. அதில் ஒன்றுக்கு 'ஸ்டெடி' எட் ஹெட்ரிக் பெயர் வைத்திருக்கிறார்கள். டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் சங்கிலிக் கூடையை உருவாக்கியவர் அவர்தான், கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975-இல் முதல் நிரந்தர கோர்ஸை அமைத்தவரும் அவரே. 2002-இல் இறந்தபோது அவர் விருப்பப்படி அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகளாகவே வார்த்தார்கள். இந்த விளையாட்டை இப்படி நேசித்த மனிதர் பெயரில் இருக்கும் கோர்ஸில் ஒரு சுற்று ஆடாமல் திரும்பாதீர்கள்.

கேள்வி: டிஸ்க் புதரில் காணாமல் போனால்? மரத்தில் சிக்கினால்? (வாசகி, சார்லட்)

விதிப்படி தேடுவதற்கு 3 நிமிடம். கிடைக்காவிட்டால் ஒரு வீச்சு தண்டனை (கணக்கில் ஒன்று கூடும்), முன்பு எறிந்த இடத்திலிருந்தே மறுபடி எறிய வேண்டும். மரத்தில் தொங்கினால் அதற்கு நேர் கீழே தரையில் குறி வைத்துத் தொடரலாம், 2 மீட்டர் விதி இருக்கிறது என்று போட்டி நடத்துகிறவர் அறிவித்திருந்தால் மட்டும் அந்த உயரத்துக்கு மேல் சிக்கியதற்குத் தண்டனை உண்டு. கிளையை ஒடித்து வழி பண்ணுவது கூடாது. விதிக்காக மட்டும் சொல்லவில்லை, அந்த மரங்கள் இல்லாவிட்டால் அங்கே ஆட்டமே இல்லை.

காணாமல் போவதைக் குறைக்க வழி டிஸ்க்கின் நிறம். பைன் சருகுக்குள் பச்சை, பழுப்பு, ஆரஞ்சு எல்லாம் மறைந்துவிடும், பளிச்சென்ற பிங்க்கோ நீலமோ வாங்குங்கள், பின்பக்கம் பெயரும் போன் எண்ணும் எழுதுங்கள். வளைவான தடமாக இருந்தால் ஒருவர் முன்னால் போய் நின்று டிஸ்க் எங்கே விழுகிறது என்று பார்க்கட்டும், ஆனால் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டும், ஏனென்றால் மரத்தில் பட்ட டிஸ்க் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: பத்து வயதுப் பையனை அழைத்துப் போகலாமா? (அதே வாசகி)

போகலாம். 150 கிராமுக்குக் குறைந்த பட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள், கனமான டிஸ்க்கைக் கொடுத்தால் சீக்கிரம் சலித்துவிடுவான். முழுக்கால் பேன்ட், மூடிய ஷூ கட்டாயம். உங்கள் பக்கத்துக் காடுகளில் உண்ணி உண்டு, காப்பர்ஹெட் பாம்பும் உண்டு, அதனால் டிஸ்க்கை எடுக்கச் சருகுக்குள் கை விடுவதற்கு முன்னால் ஒரு குச்சியால் கிளறிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும் பட்டால் அரிப்பெடுக்கும் பாய்சன் ஐவி கொடியை அவனுக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள், தெரியாமல் பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்புறம், காதோரம், இடுப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், 18 கூடையையும் முடித்தே தீர வேண்டும் என்று அவனை இழுக்காதீர்கள், ஒன்பதே போதும்.