ஒரு கால் மட்டும் வீங்கினால் காத்திருக்காதீர்கள்

கேள்வி: வயது 46. ஐந்து வருடமாக எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். வைரல் லோட் (ரத்தத்தில் வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவில்தான் இருக்கிறது. எச்.ஐ.வி. இருந்தால் ரத்தம் உறையும் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. கை நரம்பு புடைத்துத் தெரிகிறது. காலையில் விரல் மரத்துப்போகிறது. போன வாரம் நீண்ட பஸ் பயணம் போய் வந்ததிலிருந்து இடது கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது. நானாகவே தினமும் ஆஸ்பிரின் போட்டுக்கொள்கிறேன். ஏ.ஆர்.டி.யை நிறுத்திவிடலாமா? ஸ்கேனுக்குப் போனால் எச்.ஐ.வி. என்று சொல்லியாக வேண்டுமா?

பதில்: கெண்டைக்காலைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், உள்ளே ஆழமான சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். இன்றே போய், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

கை நரம்பு புடைப்பது ஒன்றுமில்லை. விரல் மரத்துப்போவதை அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையத்தில் சொன்னால் போதும். ஆஸ்பிரினை உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்? காலில் உறைந்த ரத்தத்துக்கு அது வைத்தியமே இல்லை. உறைவைத் தடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவுதான் கூடும்.

ஏ.ஆர்.டி.யை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு உறையும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலும் அதற்குக் காரணம் வைரஸ் உடலில் ஓயாமல் கிளப்பும் அழற்சி. மாத்திரை அதை அடக்கிவைக்கிறது. 2006-இல் வெளியான 'ஸ்மார்ட்' ஆய்வில் 5,400-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். சிகிச்சையை இடையில் நிறுத்தியவர்களிடம் மரணமும் இதயநோயும் அதிகமாயின. ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர் அளவும் ஒரே மாதத்தில் ஏறியது. கட்டுப்பாட்டில் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அறுவைசிகிச்சை, காசநோய், புற்றுநோய், மணிக்கணக்கில் அசையாமல் உட்காருவது இவைதான் கவனிக்க வேண்டியவை.

ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மருந்து எழுதும் டாக்டரிடம் ஏ.ஆர்.டி. பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள், மாத்திரை டப்பாவையும் காட்டுங்கள். டோலுடெக்ராவிர் உள்ள மாத்திரை என்றால் சிக்கல் குறைவு. ரிட்டோனாவிர் இருந்தால், உறைவைத் தடுக்கும் ரிவராக்சபன் போன்ற மருந்துகளின் அளவு ரத்தத்தில் ஏறி ரத்தக்கசிவு வரலாம். எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பதும், உங்கள் அனுமதியில்லாமல் அதை வெளியே சொல்வதும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. தயங்காமல் போங்கள்.