பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பு முடித்த மகளுக்கு மேலும் ஓராண்டுப் பயிற்சி தேவையா?

அன்புள்ள சகோதரிக்கு,

அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டன்ட் (சுருக்கமாக பி.ஏ.; டாக்டர்களோடு சேர்ந்து நோயாளிகளைக் கவனிப்பவர்) படிப்பை முடித்து, தேசியத் தேர்விலும் தேறிவிட்ட உங்கள் மகள், இதய, நெஞ்சக அறுவை சிகிச்சையில் ஓராண்டு பெலோஷிப்புக்கு, அதாவது சம்பளத்துடன் கூடிய சிறப்புப் பயிற்சிக்கு, போக விரும்புகிறார். "கையில் வேலை வாய்ப்பு இருக்கும்போது குறைந்த சம்பளத்துக்கு ஏன் போக வேண்டும், கல்விக் கடனை யார் அடைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டாக்டர்கள் படிப்பு முடித்ததும் மருத்துவமனையில் பெறும் ரெசிடென்ஸி பயிற்சியைப் போல இது கட்டாயம் அல்ல. அமெரிக்காவில் தேர்வில் தேறி மாநில உரிமம் பெற்ற பி.ஏ., நேரடியாக இதய அறுவைப் பிரிவில் வேலைக்குச் சேரலாம். இந்தத் துறையில் இருக்கும் பலர் வேலையிலேயே கற்றுக்கொண்டவர்கள்தான். அதே நேரம், இத்தகைய பயிற்சி நேற்று முளைத்ததும் அல்ல. டியூக் பல்கலைக்கழகத்தில் முதல் பி.ஏ. வகுப்பு தொடங்கியது 1965இல். அடுத்த ஆறே ஆண்டுகளில், 1971இல், நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவமனை பி.ஏ.க்களுக்கு அறுவை சிகிச்சைப் பயிற்சியை ஆரம்பித்துவிட்டது.

அதற்குக் காரணம் இருக்கிறது. பி.ஏ. படிப்பு எல்லாத் துறைகளையும் தொட்டுச் செல்வது. அறுவை சிகிச்சைக்குக் கிடைப்பது சில வாரங்கள். அதில் இதயம் கண்ணில் படாமலே போகலாம். வேலையில் சேர்ந்ததும் எதிர்பார்ப்பு வேறு. பைபாஸ் அறுவையில் சர்ஜன் நெஞ்சைத் திறக்கும் அதே நேரத்தில், காலிலிருந்து எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாய் வழியாக ரத்தக்குழாயை எடுத்துத் தருவது பெரும்பாலும் பி.ஏ.தான். அதை இழுத்தோ சுட்டோ காயப்படுத்தினால், பொருத்திய குழாய் பின்னாளில் அடைபடக்கூடும். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு. இதய அறுவைக்குப் பின் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கி அழுத்தலாம். துடிப்பு நின்று, முதல் முயற்சிகள் பலிக்காவிட்டால், ஐந்து நிமிடங்களுக்குள் நெஞ்சை மறுபடி திறக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்காமல் இவை வராது. வேலையில் அப்படிச் சொல்லித்தர சீனியர்களுக்கு நேரம் இருக்குமா என்பது அதிர்ஷ்டம். பெலோஷிப்பில் அது அவர்களுடைய கடமை. குறைந்தபட்சம், கடமையாக இருக்க வேண்டும்.

சில இடங்களில் 'பயிற்சி' என்ற பெயரில் மலிவான இரவுப் பணியாளரைத்தான் தேடுகிறார்கள். ஆகவே நேர்காணலில் மகள் தயங்காமல் கேட்கட்டும்: சென்ற ஆண்டுப் பயிற்சியாளர் தன் கையால் எத்தனை ரத்தக்குழாய்கள் எடுத்தார்? அறுவை அரங்கில் எத்தனை மாதம், தீவிர சிகிச்சையில் எத்தனை மாதம்? நுரையீரல் அறுவையும் உண்டா, இதயம் மட்டும்தானா? முடித்த பிறகு அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தம் உண்டா? முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மழுப்பலான பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். அங்கீகார முத்திரை இருந்தால் நல்லது; ஆனால் அது விருப்பத்தின்பேரில் பெறுவது என்பதால், இல்லாத இடமெல்லாம் மோசம் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

இனி பணம். இங்கே கட்டணம் கட்டிப் படிக்கப்போவதில்லை. சம்பளம் வரும், பொதுவாக மருத்துவக் காப்பீடும் உண்டு. முழு வேலையோடு ஒப்பிட்டால் சம்பளம் குறைவு, அவ்வளவுதான். கூட்டாட்சி அரசு தந்த கல்விக் கடன் என்றால் வருமானத்துக்கேற்ற தவணைத் திட்டத்தைக் கேட்கலாம். லாபநோக்கற்ற மருத்துவமனையில் முழுநேர ஊழியராக இருந்தால், பொதுச்சேவைக் கடன் தள்ளுபடிக்கான 120 தவணைகளில் இந்த ஆண்டின் தவணைகளும் சேரும்.

என் கருத்து: அறுவை அரங்குதான் வேண்டும் என்று மகள் உறுதியாக இருந்தால், நல்ல பயிற்சியிடத்துக்காக ஓராண்டுச் சம்பளக் குறைவைத் தாங்கலாம். ஆனால் கையிலுள்ள வேலை, புதியவர்களை முறையாகப் பழக்கும் அனுபவமிக்க குழுவில் என்றால், அந்த வேலையையே நான் தேர்ந்தெடுப்பேன். முழுச் சம்பளத்தோடு அதே பாடம் கிடைக்கிறது. பி.ஏ.க்களுக்கான தேசியச் சான்றளிப்பு ஆணையம் 2011 முதல் வழங்கும் இதய, நெஞ்சக அறுவைக்கான சிறப்புத் தகுதிச் சான்றிதழைப் பின்னர் பணி அனுபவத்தைக் காட்டித் தேர்வெழுதிப் பெறலாம். பெலோஷிப் இல்லை என்பதால் அந்தக் கதவு மூடாது.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் மாநில உரிமத்துக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உரிமமும் மருத்துவமனையின் சான்று சரிபார்ப்பும் மாதக்கணக்கில் இழுக்கும். அது முடியும்வரை நோயாளியைத் தொட அனுமதி கிடையாது.