விளைச்சலைக் கூட்டியது விதையா, இயந்திரமா?

வேளாண் உற்பத்தித்திறன் உயர்ந்ததில் தொழில்நுட்பத்தின் பங்கு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் டிராக்டரையும் ட்ரோனையும் காட்டுவார்கள். காவிரிப் படுகையில் நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்த நான், நெற்பயிரின் உயரத்திலிருந்துதான் தொடங்குவேன்.

பழைய நெட்டை ரகங்களுக்கு உரத்தைக் கூட்டி இட்டால் தாள்தான் மேலும் நீளும்; கதிர் முற்றும் நேரத்தில் காற்றோடு ஒரு மழை பெய்தால் பயிர் மொத்தமாகச் சாய்ந்து, நீரில் கிடக்கும் மணிகள் முளைத்துவிடும். 1966-ல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐ.ஆர்.8 இந்தச் சிக்கலைத் தீர்த்தது. இந்தோனேசியாவின் பீட்டா என்ற நெட்டை ரகத்தையும் தைவானின் குட்டை ரகம் ஒன்றையும் ஒட்டுச்சேர்த்து உருவாக்கிய அந்தப் பயிர், ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் நின்று, இட்ட உரத்தை வைக்கோலாக்காமல் மணியாக்கியது. தரைக்கு மேலுள்ள பயிரின் எடையில் சுமார் 30 சதவீதமாக இருந்த நெல்லின் பங்கு, குட்டை ரகங்களில் 50 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தது. (வைக்கோல் குறைந்ததைப் பற்றி மாடு வைத்திருந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.) ஆனால் அந்த விதை உரத்தையும் நேரத்துக்குத் தண்ணீரையும் நம்பியே விளைந்தது, மேட்டூரில் தண்ணீர் திறக்கத் தாமதமான ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தவர்தான் குறுவை நெல் போட்டார்.

இயந்திரத்தின் கணக்கு வேறு. பத்துப் பதினைந்து பேர் நாள் முழுதும் அறுத்த ஒரு ஏக்கரை, எங்கள் வயலில் இப்போது பெல்ட் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் ஒன்றரை மணி நேரத்தில் அறுத்துவிடுகிறது. மழைக்கு முன் நெல் கரையேறுகிறது என்பதைத் தவிர, ஏக்கருக்கு ஒரு மூட்டைகூட அதனால் கூடவில்லை. கூடியது ஓர் ஆளுக்கான உற்பத்தி. அந்தக் கூலியை நம்பியிருந்தவர்களுக்கு அது இழப்பு. ஏக்கருக்கான விளைச்சல், ஓர் ஆளுக்கான உற்பத்தி ஆகிய இரண்டையும் உற்பத்தித்திறன் என்ற ஒரே சொல்லால் குறிப்பதால்தான் இந்த விவாதம் குழம்புகிறது என்பது என் கருத்து.

விளைச்சலைக் கூட்டாமல், விளைந்ததை இழக்காமல் காப்பதும் தொழில்நுட்பமே. ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து வந்த சப்1 என்ற மரபணு, வெள்ளத்தில் மூழ்கிய பயிரை வளரவிடாமல் அடக்கி, சேமித்த மாவுச்சத்தைக் காத்து, இரண்டு வாரம்வரை உயிரோடு வைத்திருக்கிறது. அந்த மரபணு சேர்ந்த சி.ஆர்.1009 சப்1 ரகத்தைச் சம்பாவில் நட்டிருந்தோம். ஐப்பசியில் ஒரு வாரம் மூழ்கிக் கிடந்த வயலில் தண்ணீர் வடிந்ததும் இறங்கிப் பார்த்தேன். இலையெல்லாம் சேறு படிந்து பழுத்திருந்தது, தூரைப் பிடித்து இழுத்தால் கையோடு வரவில்லை. பத்தாம் நாள் புதுக் குருத்து விட்டது.