பாதை முடிந்த இடத்தில் ஆறுதான் வழி

(வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்)

கேள்வி: அம்மா, டிசம்பர் விடுமுறையில் நண்பர்கள் நால்வரும் கலிஃபோர்னியாவின் பாலைவனப் பூங்காவான டெத் வேலிக்குப் போகிறோம். கோல்டன் கேன்யன் பள்ளத்தாக்கில் ஏறி கௌவர் கல்ச் என்ற ஓடை வழியாக இறங்கும் சுற்றுப் பாதையை ஏற்கெனவே இரண்டு முறை நடந்துவிட்டோம். இம்முறை அடையாளக் கம்பங்களை விட்டு விலகி, கௌவர் கல்ச்சிலிருந்து பிரியும் கிளை ஓடைகளுக்குள் ஏறி, மஞ்சள் குன்றுகளின் நடுவே ஒரு பகல் முழுவதும் சுற்ற ஆசை. கைப்பேசியில் வரைபடத்தை இறக்கி வைத்திருக்கிறோம். அது போதுமா?
– வாசகர், ஃபிரீமான்ட்

பதில்: போதாது, தம்பி. எடுத்துச் செல்லுங்கள், அதை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். அந்தக் குன்றுகளுக்குள் தொலைபேசித் தொடர்பு கிடைக்கும் என்று எண்ணவே வேண்டாம். ஜிபிஎஸ் வேலை செய்யும். நீங்கள் நிற்கும் இடத்தை நீலப் புள்ளி காட்டும். ஆனால் வரைபடத்தின் உயரக்கோடுகளுக்கு இடையில் ஆள் உயர ஓடைகளும் இரண்டு ஆள் உயரச் சுவர்களும் மறைந்துபோகும். இருபதடி தள்ளி இருக்கும் அடுத்த ஓடைக்கும் உங்களுக்கும் நடுவே செங்குத்தான களிமண் சுவர் நிற்கிறது என்று அந்தப் புள்ளி சொல்லாது.

பழந்தமிழில் ஆறு என்ற சொல்லுக்கு வழி என்றும் பொருள் உண்டு. வழிகாட்டுவதை ஆற்றுப்படுத்துதல் என்று இன்றும் சொல்கிறோம். டெத் வேலியில் நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல் நினைவுக்கு வரும். மனிதர் போட்ட பாதை முடிந்த பிறகு அங்கே நம்பிக் கால் வைக்கக்கூடிய தரை, தண்ணீர் போட்டுக்கொடுத்த தரைதான். ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஐந்து, ஆறு சென்டிமீட்டர் மழை. அந்தச் சிறு மழைதான் அத்தனை ஓடைகளையும் வெட்டியிருக்கிறது. ஆகவே கால் எங்கே போகலாம் என்று யோசிப்பதற்கு முன், இங்கே மழை விழுந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசியுங்கள்.

மேல்நோக்கி நடக்கும்போது ஓடை கிளை கிளையாகப் பிரியும். ஒவ்வொரு பிரிவிலும் இடமா வலமா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். கீழ்நோக்கி வரும்போது கிளைகள் சேர்ந்துகொண்டே வரும். ஏறிய ஓடையிலேயே இறங்கினால் தாய் ஓடைக்கே வந்து சேர்வீர்கள். அப்படியானால் வழி தவறவே முடியாதே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தவறு நடக்கும் இடம் ஓடையின் தலைப்பு. இரண்டு குன்றுகளுக்கு இடையே தாழ்ந்த மேடு ஒன்று இருக்கும். அங்கே ஏறி நின்றால் எல்லாப் பக்கமும் பள்ளங்கள் தொடங்கும். எல்லாம் ஒரே நிறம், ஒரே சரிவு, ஒரே அகலம். பத்தடி தள்ளிக் கால் வைத்தால் நீங்கள் வேறோர் ஆற்றின் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகிறீர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில் நானும் என் கணவரும் அப்படிப் போனோம். மேட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டோம். எழுந்தபோது முகம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே இறங்கினோம். நாற்பது நிமிடம் சுகமான நடை. பிறகு ஒரு வளைவில் தரை அறுந்துபோயிருந்தது. அந்தப் பக்கம் வழவழப்பான செங்குத்துச் சரிவு, என் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு. சுற்றிப்போக இடமில்லை. வந்த வழியே ஏறினோம். அதற்குள் வெயில் சாய்ந்து, ஓடைக்குள் நிழல் இறங்கிவிட்டது. என் கணவர் அதிகம் பேசுகிறவர். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி அந்த மேட்டுக்கு வந்து, மண்ணில் கிடந்த ஆரஞ்சுத் தோல் துணுக்கு ஒன்றைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினோம்.

அன்றிலிருந்து மூன்று பழக்கங்களை நான் விட்டதில்லை. ஒவ்வொரு பிரிவையும் தாண்டியதும் நின்று, திரும்பி, வந்த வழியைப் பார்ப்பேன். ஒரு படமும் எடுப்பேன். போகும்போது தெரியும் முகம் வேறு, திரும்பும்போது தெரியும் முகம் வேறு. மேட்டில் உட்காருவதற்கு முன்பே, இறங்க வேண்டிய பள்ளம் எது என்று உடன் வருகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். கற்களை அடுக்கி அடையாளம் வைக்க மாட்டேன், நீங்களும் வைக்காதீர்கள்; உங்கள் அடுக்கு இன்னொருவரை எங்கோ கொண்டுபோய் விடும். மூன்றாவது, ஏறி மீள முடியாத சரிவில் குதித்து இறங்குவதில்லை. இறங்கி மீள முடியாத சுவரில் தொற்றி ஏறுவதுமில்லை. ஏறுவது எளிது, இறங்கும்போதுதான் கால் தேடும். வாய்க்காலின் நடுவே வெள்ளம் குதித்த அந்தப் படிகளை உலர் அருவி என்று சொல்லலாம். கௌவர் கல்ச் முடியும் இடத்தில் சுமார் 30 அடியில் ஒன்று இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே வலப்பக்கம் ஒதுங்கிப் போக விளிம்பு இருக்கிறது. பெயரில்லாத கிளை ஓடையில் இருக்கும் அருவிக்கு அப்படி ஒரு விளிம்பு இருக்கும் என்று உறுதியில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. பூங்காவுக்குள் இருக்கும் ஃபர்னஸ் கிரீக் என்ற குடியிருப்பின் கட்டடங்களை வெள்ளத்திலிருந்து காக்க, 1941இல் ஃபர்னஸ் கிரீக் வாஷ் என்ற பெரிய ஓடையைத் திருப்பி கௌவர் கல்ச்சுக்குள் விட்டார்கள். தன் குன்றுகளின் மழையை மட்டும் சுமந்துகொண்டிருந்த சிறிய கல்ச், தன் அளவுக்கு மீறிய வெள்ளத்தைச் சுமக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அகன்றும் ஆழ்ந்தும் வருகிறது. தொலைவிலுள்ள மலைகளிலிருந்து அந்த வெள்ளம் உருட்டி வந்த சாம்பல் நிறக் கூழாங்கற்கள் அதன் தரையில் பரவிக் கிடக்கின்றன. சுவர்களோ மஞ்சள் களிமண். ஆக, காலடியில் சாம்பல் நிறக் கல் கிடந்தால் நீங்கள் திருப்பிவிடப்பட்ட பெரிய ஓடையில் நிற்கிறீர்கள். தரையும் சுவரும் ஒரே மஞ்சளாக இருந்தால் ஏதோ ஒரு கிளைக்குள் இருக்கிறீர்கள். நாங்கள் தவறிய அன்று நாற்பது நிமிடமும் மஞ்சள் தரையில்தான் நடந்தோம். மேலே எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று கீழே கிடக்கும் கல் சொல்லும். அன்று எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை.

கால் வைப்பது பற்றியும் ஒரு சொல். முப்பது ஆண்டுகள் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். களிமண்ணை எனக்குத் தெரியும். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அப்படி உப்பிச் சுருங்கி, அந்தச் சரிவுகளின் மேற்பரப்பு பொரி பரப்பியதுபோல் உதிரியாக இருக்கும். அதில் கால் வழுக்கும், தடமும் நெடுநாள் அழியாது. முகடுகளில் ஏறிப் படம் எடுக்க ஆசை வரும். வேண்டாம். ஓடையின் சரளைத் தரையிலேயே நடங்கள். அடுத்த மழை உங்கள் தடத்தைத் துடைத்துவிடும். பழைய போராக்ஸ் (வெண்காரம்) சுரங்க வாய்கள் தென்படும். உள்ளே தலையை நீட்டவும் வேண்டாம்.

ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். டிசம்பரிலும்தான். வழியில் குடிக்க ஒரு சொட்டு கிடையாது. எந்த ஓடை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஊரிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சூரியன் மேற்கே பனமின்ட் மலைக்குப் பின்னால் போனதும் ஓடைகளுக்குள் விரைவாக இருட்டிவிடும். மூன்று மணிக்கெல்லாம் சாம்பல் நிறத் தரைக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: வானம் தெளிவாக இருந்தால் வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை அல்லவா?
– வாசகி, லாஸ் வேகஸ்

பதில்: உங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீர் மலையிலிருந்து வருகிறது. அங்கே கருமேகம் நின்றால் இங்கே வெயிலடிக்கும்போதே ஓடை நிரம்பும். களிமண் தண்ணீரைச் சட்டென்று குடிப்பதில்லை, பெரும்பகுதியை அப்படியே கீழே அனுப்பிவிடும். கோல்டன் கேன்யனுக்குள் ஒரு காலத்தில் கார் போகும் தார்ச்சாலை இருந்தது. 1976 பிப்ரவரியில் நான்கு நாள் மழை அதைப் பெயர்த்து எறிந்துவிட்டது. சாலையின் மிச்சத் துண்டுகளை இன்றும் காணலாம். 2022 ஆகஸ்ட் 5 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் 1.46 அங்குலம் பெய்து, பூங்காவின் சாலைகளெல்லாம் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று ஒரே நாளில் 2.2 அங்குலம், கிட்டத்தட்ட ஓராண்டு மழை. ஆகவே போகும் நாளின் காலையில் ஃபர்னஸ் கிரீக் பார்வையாளர் மையத்தில் வானிலையைக் கேளுங்கள். மழை பெய்த மறுநாளும் போகாதீர்கள். ஈரக் களிமண் செருப்போடு சேர்ந்து வரும்.

கேள்வி: அந்தக் குன்றுகளுக்கு இத்தனை நிறம் எப்படி வந்தது என்று எட்டு வயது மகள் கேட்கிறாள். பள்ளியில் காட்ட ஒரு சின்னக் கல்லாவது எடுத்து வரலாமா?
– வாசகர், சாக்ரமென்டோ

பதில்: ஜாப்ரிஸ்கி முனை என்ற காட்சியிடத்திலிருந்து தெரியும் மஞ்சள் குன்றுகள் ஒரு காலத்தில் ஏரியின் அடியில் கிடந்த சேறு என்று மகளிடம் சொல்லுங்கள். ஏறத்தாழ மூன்றிலிருந்து ஐந்து மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஏரி இருந்தது. சேறும் எரிமலைச் சாம்பலும் அதில் அடுக்கடுக்காகப் படிந்தன. பிறகு நிலம் சாய்ந்தது, மழை அரித்தது. மஞ்சளும் சிவப்பும் பழுப்பும் இரும்பு. பழைய ஆணியில் பிடிக்கும் துருவைக் காட்டினால் குழந்தைக்குப் புரிந்துவிடும். தெற்கே ஆர்ட்டிஸ்ட்ஸ் பேலட் என்ற பல வண்ணச் சரிவில் தெரியும் ஊதா, மாங்கனீசு. அங்குள்ள பச்சை, எரிமலைச் சாம்பல் மாறி உண்டான தாதுக்களின் நிறம். அந்த மண்ணின் மக்களான திம்பிஷா ஷோஷோனி இனத்தாரின் பெயரே, முகத்தில் பூசிக்கொள்ளும் செங்காவியைக் குறிப்பது. அவர்கள் இன்றும் ஃபர்னஸ் கிரீக்கில் வாழ்கிறார்கள். இதையும் மகளிடம் சொல்லுங்கள்.

கல் எடுக்கக் கூடாது. தேசியப் பூங்காவில் அது சட்டப்படி குற்றம். ஒரு வண்ணப் பென்சில் பெட்டியும் நோட்டும் கொடுங்கள். காலை எட்டு மணிக்கும், பகல் பன்னிரண்டுக்கும், மாலையிலும் ஒரே குன்றை அவள் வரையட்டும். மூன்று படத்துக்கும் மூன்று வேறு பென்சில்களை அவளே எடுப்பாள்.

கேள்வி: எங்களுக்கு ஜூலையில்தான் விடுமுறை. அதிகாலையில் தொடங்கினால் இந்த ஓடைகளில் நடக்கலாமா?
– வாசகி, சியாட்டில்

பதில்: வேண்டாம், அம்மா. 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது இதே ஃபர்னஸ் கிரீக்கில்தான். கோடையில் பத்து மணிக்குப் பிறகு தாழ்ந்த பகுதிகளில் நடக்காதீர்கள் என்று பூங்காவே எச்சரிக்கிறது. வழி தவறினால் அந்தப் பத்து மணி உங்களைக் கேட்டுக்கொண்டு வராது. விடியலில் ஜாப்ரிஸ்கி முனையில் காரை நிறுத்திவிட்டு, முதல் வெளிச்சம் மேன்லி பீக்கன் சிகரத்தைத் தொடுவதைப் பாருங்கள். பிறகு காரிலேயே டான்ட்டேஸ் வியூ என்ற மலைமேல் காட்சியிடத்துக்கு ஏறுங்கள். 1,669 மீட்டர் உயரம், காற்று குளிர்ந்திருக்கும். ஓடைகளில் இறங்க ஜனவரியில் நான்கு நாள் விடுப்பு கேட்டுப் பாருங்கள்.