மட்சுமோட்டோவில் முதல் டிசம்பர்

தம்பி, ஆகஸ்டில் மட்சுமோட்டோவுக்கு ஆங்கில உதவி ஆசிரியராக வந்திருக்கிறீர்கள். சொந்த ஊர் நாகர்கோவில். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடையாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள், ஊருக்குப் போய்வர டிக்கெட் விலையும் கட்டுப்படியாகவில்லை, தனியாக இந்த டிசம்பரை எப்படிக் கழிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தூத்துக்குடிக்காரி. ஜப்பானில், மட்சுமோட்டோ இருக்கும் இதே நாகானோ மாகாணத்தில் பன்னிரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன்.

பள்ளியில் சொன்னது சரிதான். இங்கே டிசம்பர் 25 வேலை நாள். இரண்டாம் பருவம் அதையொட்டித்தான் முடியும் என்பதால், கிறிஸ்துமஸ் அன்றைக்கே சில்லிட்ட ஜிம் ஹாலில் பருவ நிறைவு விழாவுக்கு நின்றுகொண்டிருந்தாலும் இருப்பீர்கள். குடில், ஸ்டார், கீதபவனி என்று வளர்ந்தவர்களுக்கு அது வலிக்கும். எனக்கும் வலித்தது. ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். மற்றவர்களுக்கு 24 மாலைதான் கிறிஸ்துமஸ்: காதலர்கள் வெளியே சாப்பிடப் போவார்கள், வீடுகளில் ஸ்ட்ராபெர்ரி வைத்த கிரீம் கேக், பொரித்த கோழி. அந்தக் கோழிப் பழக்கம் கே.எஃப்.சி. 1974-இல் தொடங்கிய விளம்பரத்தால் பரவியது. இன்றும் சில வாரங்களுக்கு முன்பே ஆர்டர் கொடுத்து வைக்கிறார்கள்.

திருப்பலிக்கு வழி இருக்கிறது. கத்தோலிக்க ஆலயங்களில் 24 இரவு உண்டு. ஆனால் நள்ளிரவு என்று நினைத்துப் போகாதீர்கள், பல இடங்களில் மாலை ஏழு மணிவாக்கிலேயே முடித்துவிடுவார்கள். இந்த வாரமே நேரம் கேட்டுவிடுங்கள். நான் போகும் ஆலயத்தில் பிலிப்பீன்ஸ்காரர்கள்தான் அதிகம். பூசை முடிந்ததும் எல்லோரும் கொண்டுவந்த சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கலைவோம்.

26 காலையில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். மரமும் மணிகளும் இருந்த இடத்தில் வைக்கோல் கயிறும் பைன் கிளையும் மோச்சி என்ற அரிசி உருண்டையும் ஏறியிருக்கும். முதல் வருடம் அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, இந்த ஊரின் பண்டிகையே இனிமேல்தான் ஆரம்பம். அதன் பெயர் ஒஷோகாட்சு, புத்தாண்டு.

அதற்கு முன்பு போனென்காய் வரும். பழைய வருடத்தை மறக்க ஆசிரியர்கள் ஒன்றாகச் சேர்ந்து சாப்பிடும் விருந்து. ஐயாயிரம் யென்னுக்கு மேல் ஆகும், ஆனாலும் போங்கள். குடிக்காதவர் என்றால் ஊலாங் டீ கேட்டால் போதும். எல்லோரும் 'கன்பாய்' (சியர்ஸ்) சொல்லும்வரை கோப்பையில் வாய் வைக்க வேண்டாம். குடித்தவர் ஓட்டும் காரில் தெரிந்தே ஏறினால் ஏறியவருக்கும் தண்டனை உண்டு, யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். ஒரு வருடமாக ஸ்டாஃப் ரூமில் பேசாத கணித ஆசிரியர் அந்த ஒரு இரவில்தான் என் ஊரைப் பற்றிக் கேட்டார்.

உண்மையில் கஷ்டமான நாட்கள் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை. அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும், கடைகள் பலவும் அப்படித்தான். சக ஆசிரியர்கள் பெற்றோர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கையில் பணம் எடுத்து வையுங்கள். என் முதல் வருடத்தில் நான் கணக்கு வைத்திருந்த வங்கியின் கார்டு மூன்று நாள் எந்த இயந்திரத்திலும் வேலை செய்யவில்லை. கொன்பினி எனப்படும் சிறு கடையில் சில்லறையை எண்ணி எண்ணி வாங்கிச் சாப்பிட்டேன். ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் 30-ஆம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள், அந்த 18 லிட்டர் சிவப்பு கேன் நிறைய. வெளியூரில் ஒரு இரவு தங்குவதாக இருந்தாலும் குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இங்கே அதை மிசுநுகி என்பார்கள், வீட்டுக்காரரிடம் கேட்டால் செய்து காட்டுவார். வடிக்காமல் போன ஒரு முறை என் குளியலறைக் குழாய் உறைந்து வெடித்துவிட்டது.

31 இரவு மட்டும் அறையில் உட்கார்ந்திருக்காதீர்கள், தம்பி. இதை அக்காவாகக் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்குக் கோயில் மணியை 108 தடவை அடிப்பார்கள். மனிதனை அலைக்கழிக்கும் ஆசைகள் 108 என்பது பௌத்தக் கணக்கு. சின்ன ஊர்க் கோயில்களில் பொதுமக்களே வரிசையில் நின்று அடிக்கலாம். என்னை அழைத்துப் போனவர் பள்ளியின் சுகாதார ஆசிரியை. பனியில் முக்கால் மணி நேரம் நின்றோம். என் முறை வந்தபோது கயிற்றைப் பிடித்து, மணியை இடிக்கத் தொங்கவிட்டிருக்கும் மரக்கட்டையைப் பின்னால் இழுத்து விட்டேன். அந்த ஓசை காதில் கேட்டதைவிட நெஞ்சில்தான் இறங்கியது. இறங்கி வந்ததும் ஒரு பாட்டி சூடான அமாசாகே கோப்பையைக் கையில் வைத்தார். கஞ்சி மாதிரி, இனிப்பாக இருக்கும். யார், எந்த நாடு என்று எதுவும் கேட்கவில்லை. நீங்களும் இப்போதே ஸ்டாஃப் ரூமில் யாரிடமாவது 'இங்கே மணி அடிக்க எங்கே போகலாம்' என்று கேளுங்கள். தானாக அழைக்கத் தயங்குவார்கள், கேட்டால் பெரும்பாலும் கூடவே வருவார்கள்.

ஜனவரியில் பள்ளி திறக்கும் சமயத்தில் சன்குரோ என்ற நெருப்புத் திருவிழா பற்றிப் பிள்ளைகளிடம் கேளுங்கள். மட்சுமோட்டோ பக்கத்துப் பெயர் அது, மற்ற ஊர்களில் தொந்தோயாகி என்பார்கள். பிள்ளைகள் தெருவில் வீடு வீடாகப் போய் புத்தாண்டு அலங்காரங்களையும் பழைய தருமா பொம்மைகளையும் சேர்ப்பார்கள். அறுவடை முடிந்த வயலிலோ ஆற்றங்கரையிலோ கூம்பாக அடுக்கிக் கொளுத்துவார்கள். நம் போகி நெருப்புக்குக் கிட்டத்தட்ட அதே நாட்கள். வில்லோ மரக் கிளையில் அரிசிமாவு உருண்டை குத்தி, அந்தத் தணலில் வாட்டித் தின்றால் அந்த வருடம் சளி பிடிக்காது என்று நம்பிக்கை. உருண்டையின் பெயர் மயுதாமா, பட்டுப்புழுக் கூட்டு உருண்டை என்று பொருள். ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் பட்டு வளர்த்தவர்கள்.

எந்தக் கிழமை, எந்த வயல் என்று உங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். கையுறை போட்டுக்கொண்டு போங்கள், கிளையை அவர்களே நீட்டுவார்கள்.