வெனிஸ் பார்க்க ஐந்தரை லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருச்சியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 50. கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு வருவது 1,17,000 ரூபாய். வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 24,000, எஸ்.ஐ.பி. 12,000, வீட்டுச் செலவு, மாமியாரின் மருந்து எல்லாம் போக மாதம் 25,000 மிஞ்சுகிறது. தீபாவளிக்கு கணவருக்கு 60,000 போனஸ் வரும். மகள் இத்தாலியில் படுவா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படிக்கிறாள், இது அவளுக்குக் கடைசி வருடம். அவள் படித்து முடித்து வேலை தேடும் காலத்துக்கென்று 6 லட்சம் எஃப்.டி. போட்டு வைத்திருக்கிறோம். வருகிற ஏப்ரல் கடைசியில், பள்ளிப் பரீட்சைகள் முடிந்ததும், அவளைப் பார்த்துவிட்டு வெனிஸும் போய்வர ஆசை. எங்கள் 25-வது திருமண நாளும் அப்போதுதான். டிராவல் ஏஜென்ட் ரோம், ஃப்ளாரன்ஸ், பைசா, வெனிஸ் என்று 7 இரவு பேக்கேஜுக்கு இருவருக்கும் சேர்த்து 5.6 லட்சம் கேட்கிறார். வங்கியில் 12 சதவீத வட்டிக்கு மூன்று வருட பர்சனல் லோன் தயார் என்கிறார்கள். கணவர் எஃப்.டி.யை உடைக்கலாம் என்கிறார். மாமியார் நகையை அடகு வைக்கச் சொல்கிறார். எது சரி? பகுதி நேர வேலை பார்க்கும் மகள் தானும் பணம் தருகிறேன் என்கிறாள், வாங்கலாமா?

பதில்: மூன்றுமே வேண்டாம். பணத்தை எங்கே புரட்டுவது என்பது இரண்டாவது கேள்வி. 5.6 லட்சம் எதற்கு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லோன் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 5.6 லட்சத்துக்கு 12 சதவீதத்தில் மூன்று வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 18,600 ரூபாய். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 1,10,000 ரூபாயை நெருங்கிவிடும். உங்களிடம் மிஞ்சும் 25,000-ல் முக்கால் பங்கு மூன்று வருடத்துக்கு வங்கிக்குப் போகும். மகள் படிப்பு முடித்து வேலை தேடப்போகிற காலமும் சரியாக அதுவேதான். இத்தாலியில் படித்து முடித்தவர்கள் வேலை தேடிக்கொண்டு ஒரு வருடம் வரை அங்கே தங்க அனுமதி கிடைக்கும். அந்த ஒரு வருட வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நீங்கள் போட்டு வைத்த எஃப்.டி.யை இப்போதே உடைத்தால், அப்போது மறுபடி கடன் வாங்க வேண்டிவரும். நகைக் கடன் வட்டி குறைவுதான், ஆனால் வரவிருக்கும் ஒன்பது மாதச் சேமிப்பும் போனஸுமே கிட்டத்தட்ட போதுமாக இருக்கும்போது நகையை ஏன் பெட்டியைவிட்டு எடுக்க வேண்டும்?

இப்போது பேக்கேஜுக்கு வருவோம். நீங்கள் போவதே மகளைப் பார்க்க. இந்தத் திட்டத்திலோ படுவாவே இல்லை. ரோமிலும் ஃப்ளாரன்ஸிலும் பஸ்ஸில் ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் வெனிஸில் ஒரு பகல். மகள் ஒரு நாள் மாலை வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான். திட்டத்தில் ‘வெனிஸ் ஹோட்டல்’ என்று போட்டிருந்தால் முகவரியை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் மெஸ்த்ரே அல்லது மார்கேரா என்றிருக்கும். இரண்டுமே தண்ணீருக்கு இந்தப் பக்கம், நிலப்பரப்பில் இருக்கும் ஊர்கள். மெஸ்த்ரேயில் தங்குவது தப்பில்லை, பத்து நிமிட ரயில், வாடகையும் குறைவு. அதை வெனிஸ் விலைக்கு விற்பதுதான் தப்பு. பேக்கேஜில் வரும் கோண்டோலா சவாரியும் முன்பின் தெரியாதவர்களோடு பங்கு போட்டு ஏறுவதாகத்தான் அநேகமாக இருக்கும்.

படுவாவிலிருந்து வெனிஸுக்கு ரீஜனல் ரயிலில் ஏறினால் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் சாந்தா லூசியா நிலையத்தில் இறங்கலாம். ஸ்டேஷன் வாசலில் காலெடுத்து வைத்தாலே கிராண்ட் கால்வாய். படுவாவும் லேசுப்பட்ட ஊரில்லை. மகள் படிக்கும் பல்கலைக்கழகம் 1222-ல் தொடங்கியது, கலிலியோ 18 வருடம் பாடம் நடத்திய இடம். ஸ்க்ரோவெனி தேவாலயத்தில் ஜொத்தோ தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன, முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே நான் சொல்வது படுவாவில் ஐந்து இரவு, வெனிஸ் தீவுக்குள்ளேயே இரண்டு இரவு. ரோமை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது தேதி. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஏப்ரல் 25 இத்தாலியின் விடுதலை நாள். வெனிஸின் காவல் புனிதரான மாற்குவின் திருநாளும் அன்றுதான். ஊர் ஆண்கள் அன்று தங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சிவப்பு ரோஜா மொட்டு கொடுப்பார்கள். அடுத்து மே 1. நடுவில் இருக்கும் நாட்களுக்கும் லீவு போட்டுவிட்டு இத்தாலிக்காரர்களே கூட்டம் கூட்டமாக அங்கே வந்து இறங்குவார்கள். திருமண நாள் என்றால் ரோஜா மொட்டு நாளுக்கே போகலாமே என்று தோன்றும். அதே அறைக்கு அந்த வாரத்தில் கேட்கும் வாடகையைப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும்.

போதாததற்கு நுழைவுக் கட்டணம் வேறு. பகலில் வந்து இரவு தங்காமல் திரும்புகிறவர்களிடம் வெனிஸ் நகராட்சி 2024 ஏப்ரல் 25 முதல் இதை வசூலிக்கிறது. எல்லா நாளும் கிடையாது. வசந்த காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும் கூட்டம் மிகுந்த நாட்களுக்கு மட்டும். 2025-ல் 54 நாட்கள் இருந்தது, காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை. நான்கு நாள் முன்னதாகப் பதிவு செய்தவர்களுக்கு 5 யூரோ, கடைசி நேரத்தில் வந்தவர்களுக்கு 10 யூரோ. எந்தெந்த நாட்கள் என்ற பட்டியலை நகராட்சி ஒவ்வொரு வருடமும் முன்கூட்டியே வெளியிட்டுவிடும். ஏப்ரல் கடைசி வாரம் அதில் அடங்கும். மே இரண்டாம் வாரம் முதல் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறுதான். நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை, மெஸ்த்ரேயில் தங்கினாலும் இல்லை. ஆனால் விலக்குக்கான க்யூஆர் கோடை இணையத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஹோட்டலில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரியும் கட்டுவீர்கள். மகள் படுவாவில் வசிப்பவராக முறைப்படி பதிவு செய்திருந்தால், வெனெட்டோ மாகாணவாசி என்ற வகையில் அவளுக்குக் கட்டணம் கிடையாது.

எனவே பயணத்தை மே இரண்டாம் வாரத்துக்குத் தள்ளுங்கள். வெனிஸில் தங்குவது செவ்வாய், புதன் இரவுகளாக இருக்கட்டும். உங்கள் பள்ளி விடுமுறைக்கும் ஒத்துவரும். பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி தொடங்கும் வாரம் எது என்று மட்டும் பார்த்து, அதிலிருந்து ஒதுங்குங்கள். அந்த வாரம் உலகத்தின் ஓவிய வியாபாரிகள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள், அறை வாடகையை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள்.

செலவுக் கணக்கு இது. சுலபத்துக்காக ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். டிக்கெட் எடுக்கும் நாளின் விலையைப் போட்டு ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து துபாய் போல ஓர் ஊரில் மாறிப் போகும் விமானம், இருவருக்கும் போகவர 1,30,000. ஷெங்கன் விசா கட்டணம் தலைக்கு 90 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம், பயணக் காப்பீடு எல்லாம் சேர்த்து 25,000. தங்குவது, படுவாவில் இரவுக்கு 80 யூரோ, வெனிஸில் 150 யூரோ வீதம் 70,000. சாப்பாட்டுக்கு நாளுக்கு 60 யூரோ என்று எட்டு நாளைக்கு 48,000. ரயில், படகு, விமான நிலைய பஸ் எல்லாம் 15,000. நுழைவுச் சீட்டுகள் 13,000. கோண்டோலா 9,000. ஆக 3,10,000. கை தாராளத்துக்கு 30,000 சேர்த்தால் 3,40,000 ரூபாய். விமானக் கட்டணமும் அறை வாடகையும் என் மதிப்பீடுதான், ஆனால் குறைத்துப் போடவில்லை.

இதில் வெனிஸுக்குள் பணம் ஓட்டையாகிற இடம் படகு. பஸ் மாதிரி ஓடும் வாப்பரெத்தோவில் ஒரு முறை ஏற 9.50 யூரோ, அந்தச் சீட்டு 75 நிமிடத்துக்குத்தான். நாலு தடவை ஏறினாலே ஆளுக்கு 38 யூரோ. 48 மணி நேர பாஸ் 35 யூரோ. வந்து இறங்கியதும் பாஸை எடுத்துவிடுங்கள். முதல் ஏற்றத்தில் இயந்திரத்தில் காட்டும் நொடியிலிருந்துதான் நேரம் ஓடும். ஒன்றாம் எண் படகில் ஏறி, கிராண்ட் கால்வாய் முழுக்க சான் மார்கோ வரை உட்கார்ந்து போங்கள். முக்கால் மணி நேரத்துக்கு இருபுறமும் மாளிகைகள், தனியாக டூர் எதுவும் வேண்டாம். கால்வாயின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக மட்டும் த்ராகெத்தோ என்ற பெரிய கோண்டோலா இருக்கிறது, ஆளுக்கு 2 யூரோ.

கோண்டோலாவை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், 25-வது வருடம். நகராட்சி நிர்ணயித்த கட்டணம் பகலில் அரை மணிக்கு 90 யூரோ, மாலை 7 மணிக்கு மேல் 110. இது படகுக்கு, தலைக்கு அல்ல; ஐந்து பேர் வரை ஏறலாம். மகளையும் கூட்டிக்கொண்டு ஆறரை மணிக்கே ஏறிவிடுங்கள். பேரத்தை ஏறும் முன்பே, எத்தனை நிமிடம் என்பதோடு சேர்த்துப் பேசி முடியுங்கள். வெனிஸின் பழைய ஆட்சித்தலைவர்கள் இருந்த டோஜே அரண்மனைக்கு 30 நாள் முன்னதாக டிக்கெட் வாங்கினால் விலை குறைவு. காபி, பார் மேடை ஓரம் நின்றபடி குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள் முடியும். அதே காபியை சான் மார்கோ சதுக்கத்தில் நாற்காலி போட்டுக் குடித்தால், வாசிக்கிற இசைக்குழுவுக்கும் சேர்த்து பில் வரும். 1720-லிருந்து அங்கே இருக்கும் ஃப்ளோரியன் காபிக் கடையில் ஒரு தடவை உட்கார வேண்டும் என்றால், தெரிந்தே உட்காருங்கள். கை தாராளத்துக்குப் போட்ட பணம் இதற்குத்தான்.

பணம் எங்கிருந்து? மே மாதத்துக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. மிஞ்சும் 25,000-ஐ இந்த மாதமே தனியாக எடுத்து வைக்கத் தொடங்கினால் 2,25,000. போனஸ் 60,000. ஆக 2,85,000. துண்டு விழுவது 55,000. அதற்கு மட்டும் எஃப்.டி.யை உடைக்காமல், அதன் பேரில் ஓவர்டிராஃப்ட் எடுங்கள். எஃப்.டி. வட்டியைவிட ஒரு சதவீதம் போலத்தான் கூடுதலாக இருக்கும். திரும்பி வந்ததும் மாதம் 25,000 கட்டினால் மூன்றே மாதத்தில் முடியும், வட்டி ஆயிரத்தைத் தாண்டாது. எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டாம். விமான டிக்கெட் எடுக்கும் காலத்தில் இந்தச் சேமிப்பு பாதிதான் சேர்ந்திருக்கும். போனஸை அப்படியே டிக்கெட்டுக்கு ஒதுக்கி, மீதியைச் சேமிப்புக் கணக்கில் வரும் அந்தந்த மாத உபரியால் சரிசெய்யுங்கள். நடுவில் இப்படி எடுக்க வேண்டியிருப்பதால் ஆர்.டி. வேண்டாம், சேமிப்புக் கணக்கே போதும்.

பர்சனல் லோனை வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. விசாவுக்கு வங்கிக் கணக்கு அறிக்கை கேட்பார்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென 5 லட்சம் வந்து விழுந்திருந்தால் அதிகாரி புருவத்தை உயர்த்துவார். மாதாமாதம் ஏறும் சம்பளக் கணக்கும் எஃப்.டி. ரசீதும் அதைவிட நன்றாகப் பேசும். விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நீங்கள் அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் வெளிநாடு போகத் தடையில்லாச் சான்று வேண்டும், அது மேசை மேசையாக நகர்ந்து வர நாளாகும். டிக்கெட்டுக்கு முன்னால் அதற்கு எழுதிப் போடுங்கள்.

கையில் எடுத்துப் போகும் பணத்துக்கு யூரோவில் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு வாங்குங்கள். சாதாரண கிரெடிட் கார்டில் தேய்த்தால் பொதுவாக இரண்டிலிருந்து மூன்றரை சதவீதம் மார்க்கப், அதன்மேல் ஜி.எஸ்.டி. கடையில் இயந்திரம் ‘ரூபாயா, யூரோவா’ என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் விலை. ஏ.டி.எம்.மிலும் அப்படியே. வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் ஒரு நிதியாண்டில் ஒரு பான் எண்ணுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் டி.சி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். மகளுக்குப் பணம் அனுப்புவது கணவர் என்றால் ஃபாரெக்ஸ் கார்டை உங்கள் பெயரில் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்குங்கள். பேக்கேஜ் வாங்கியிருந்தால் அதற்கும் டி.சி.எஸ். உண்டு. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை உங்கள் பணம் அங்கே கிடக்கும்.

மகள் தருகிற பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாணவர்கள் அங்கே வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதில் வருவது அவளுக்கே கைக்கும் வாய்க்குமாகத்தான் இருக்கும். டிக்கெட்டுக்கு வாங்காதீர்கள். ஆனால் ஒரேயடியாக மறுக்கவும் வேண்டாம். கோண்டோலாவின் 90 யூரோவை அவள் கொடுக்கட்டும். ரயில் டிக்கெட், ஸ்க்ரோவெனி முன்பதிவு, வெனிஸ் அறை, க்யூஆர் கோடு எல்லாவற்றையும் அவளிடமே விட்டுவிடுங்கள். அறையை மட்டும் ரத்து செய்தால் பணம் திரும்ப வருகிற மாதிரி பதிவு செய்யச் சொல்லுங்கள், விசா கைக்கு வரும்வரை அது முக்கியம்.